அடைக்கலம் என்று பெயரிட்டால் போதுமா?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இன்று பேச எடுத்துக்கொண்ட விடயம் சிலருக்குச் சிரிப்பைத் தரலாம். சமயம், கல்வி, கலை என்று எத்தனையோ பொருள்கள் இருக்க, நாய் விடுதியைப் பற்றியா ஒரு மணி நேரம் பேசுவது என்று பின்வரிசையில் முணுமுணுப்பது எமது காதிலும் விழுகிறது. ஒரு மணி நேரம் எடுக்கமாட்டோம். ஆனால் இது நமது கைப்பட்ட விடயம். நாமே பிடித்துக் கொடுத்தோம். ஆகவே நாமே பேசவேண்டியிருக்கிறது.

நடந்தது உங்களிற் பலருக்குத் தெரியும். சென்ற ஆண்டு திருவிழாவுக்கு முன்னர், வீதியிலே கட்டாக்காலி நாய்கள் பெருகிவிட்டன, தூக்குக்காவடி வருகிற பாதையில் அவை படுத்துக் கிடக்கின்றன, பாலர்களைத் துரத்துகின்றன என்று முறைப்பாடு எழுந்தது. அயலிலுள்ள ஓர் உள்ளூராட்சி மன்றம் அடைக்கல நிலையம் ஒன்றைத் திறந்திருந்த சமயம் அது. நமது சங்கத்து இளைஞர்கள் இரண்டு நாட்கள் அலைந்து பதினொரு நாய்களைப் பிடித்து, லான்ட்மாஸ்டரில் ஏற்றி, அங்கே ஒப்படைத்தார்கள். வாசிகசாலைத் திண்ணையிலே காலையும் மாலையும் பத்திரிகை வாசிப்பவர்களின் காலடியிற் படுத்திருந்த செம்பியும் அதில் ஒன்று. அது ஒருவரையும் கடித்ததில்லை. எண்ணிக்கை கூடட்டும் என்று அதையும் ஏற்றினோம் என்பதை இச்சபையில் ஒளிக்காமற் சொல்லவேண்டும். திரும்பி வரும்போது நல்ல காரியம் செய்துவிட்டதாக எங்களுக்குள் பெருமிதம். ஒப்படைத்ததோடு கடமை தீர்ந்தது என்றே எண்ணினோம்.

ஐந்து வாரம் கழித்து, வாசிகசாலைக்கு வரும் ஒரு சிறு பிள்ளை "செம்பி எப்ப வரும்?" என்று நச்சரித்தபடியால் நாங்கள் ஐவர் அங்கு போனோம். பதினொன்றில் நான்கைத்தான் கண்டோம். மற்ற ஏழும் எங்கே என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. பார்க்க ஓர் இடாப்பும் இல்லை. செத்ததா, ஓடியதா, யாரேனும் வளர்க்கக் கொண்டுபோனார்களா என்று எவருக்கும் தெரியாது. செம்பி அந்த ஏழில் ஒன்று.

அங்கே கண்டதைச் சற்று விரிவாகச் சொல்வதற்குப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். இருபத்துநான்கு நாய்களுக்கென்று கட்டிய கூடுகளில் அறுபது வரையில் அடைபட்டிருந்தன. வேலைக்கு ஒரேயொருவர். நாட்கூலிக்காரர். அவரைத் திட்டவே நாங்கள் போனோம். திட்ட முடியாமல் திரும்பினோம். "தம்பியவை, விடியக் கூட்டத் தொடங்கினால் கடைசிக் கூடு முடியப் பத்தரையாகும். அதுக்குள்ள முதற்கூடு பழையபடி வந்திடும். அரிசி முடிஞ்சால் என்ர காசிலதான் வாங்கிறன்" என்றார் அந்த அண்ணை. இரக்கம் இல்லாத மனிதரல்லர். ஆனால் அவர் கையில் இருந்தவை ஒரு தும்புத்தடி, ஒரு வாளி, ஒரு போத்தல் பினைல். நோய்க்கூடுதான் அதிகம் மணக்கிறது என்று அதையே முதலிற் கழுவி, அதே தும்புத்தடியுடனும் அதே வாளியுடனும் குட்டிகள் இருக்கும் கூட்டுக்குப் போனார். அவர் கையாலேயே, அவரறியாமலேயே, நோய் குட்டிகளுக்குப் போனது.

குட்டிகளை இரத்தக்கழிச்சலில் வீழ்த்தும் பார்வோ என்னும் கிருமி மிகப் பொல்லாதது. தரையிலும் பாத்திரத்திலும் செருப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினைலுக்கு அது மசியாது. முதலில் அழுக்கையும் மலத்தையும் சவர்க்கார நீரால் நன்றாகக் கழுவி அகற்றவேண்டும். அதன்பின் குளோரின் கலந்த நீரை ஊற்றிப் பத்து நிமிடமேனும் ஊறவிட வேண்டும். அழுக்கின்மேல் மருந்தை ஊற்றுவது மருந்துக்கும் கேடு, காசுக்கும் கேடு. கழுவும் ஒழுங்கும் தலைகீழாக மாறவேண்டும்: முதலிற் சுகமான குட்டிகள், பின்னர் சுகமான பெரிய நாய்கள், அதன்பின் புதிதாக வந்தவை, எல்லாவற்றுக்கும் கடைசியில் நோயாளிகள். நோய்க்கூட்டுக்கு வேறு தும்புத்தடி, வேறு வாளி. இதற்கு ஒரு தும்புத்தடியின் விலைதான் செலவு. அந்த அண்ணைக்கு இதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கட்டிடத்துக்குத் திறப்பு விழா நடந்தது. நாடா வெட்டியவர்கள் பெயர் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. கழுவுகிறவருக்கு அரைநாட் பயிற்சிகூட இல்லை.

இனி நமது வாலிபர்கள் கணக்கில் வல்லவர்களாதலால் ஒரு சிறு கணக்கைச் சொல்கிறோம். அமெரிக்காவில் இத்துறையிலுள்ள சங்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வரும் அளவு, ஒரு பிராணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 நிமிடம்: கூடு துப்புரவாக்க 9, உணவு கொடுக்க 6. அறுபது நாய்க்கு 15 மணித்தியாலம் ஆகிறது. இதில் மருந்து கொடுப்பதோ, வெளியே நடத்துவதோ, வருகிறவர்களோடு பேசுவதோ அடங்கவில்லை. ஒருவர் எட்டு மணி நேரம் உழைத்தால் பாதி வேலைதான் நடக்கும். ஆகவே அந்த அண்ணை சோம்பேறி என்று எவரேனும் சொன்னால், கணக்கு அவருக்குச் சாட்சி சொல்லும்.

இன்னுமொரு கணக்கும் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு நாய்கள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரி 12 நாட்கள் தங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். எந்நாளும் 24 நாய்கள் உள்ளே இருக்கும். அதே இரண்டு நாய்களே வந்து, தங்கும் நாட்கள் 30 ஆனால்? அறுபது. வரவு கூடவில்லை, தங்கல் கூடியது, அவ்வளவே. அங்கே மிருக வைத்தியர் மாதம் ஒரு முறைதான் வருகிறார். கருத்தடைச் சத்திரசிகிச்சை முடியும்வரை எந்த நாயையும் வெளியே விடமுடியாது. ஆகவே எல்லா நாயும் வைத்தியருக்காகக் காத்துக் கிடக்கிறது. இடம் போதவில்லை, இன்னும் பத்துக் கூடு கட்டவேண்டும் என்று மன்றத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பத்துக் கூடு கட்டும் பணத்தில் வைத்தியரை வாரம் ஒரு முறை அழைத்தாலென்ன என்று நாங்கள் கேட்டபோது, அது வேறு செலவுத் தலைப்பு என்று விடை வந்தது! செலவுத் தலைப்புகளால் நாய்க்கு வரும் துன்பத்தைப் பற்றித் தனியாக ஓர் உரை நிகழ்த்தலாம்.

எது நல்ல பராமரிப்பு என்பதை நாமாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. உலகம் அதை எழுதி வைத்திருக்கிறது. இங்கிலாந்திலே பண்ணை மிருகங்களின் நிலையை ஆராய்ந்த பிரம்பெல் குழு 1965 இல், ஒரு மிருகம் எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன்னுடலை நக்கித் துப்புரவாக்கவும், கால்களை நீட்டவும் இடம் வேண்டும் என்று அறிக்கையிட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1979 இல் வகுக்கப்பட்ட ஐந்து சுதந்திரங்கள். பசி தாகம் இன்மை, அசௌகரியம் இன்மை, நோயும் காயமும் வலியும் இன்மை, அச்சமும் மனவேதனையும் இன்மை, தன் இயல்புப்படி நடக்க வாய்ப்பு என்பவை அவை. அடைக்கல நிலையங்களுக்கென்றே அமெரிக்க மிருக வைத்தியர்கள் 2010 இல் ஒரு விரிவான நூலை வெளியிட்டு, 2022 இல் அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள். அதன் சாரத்திலே எம்மைக் கவர்ந்தது ஒன்று: நிலையத்தின் கொள்ளளவு என்பது கூடுகளின் எண்ணிக்கையன்று, பராமரிக்கும் சக்தியின் அளவு. கூடு நூறு இருக்கலாம். பராமரிக்க ஆளும் வைத்தியரும் இருபதுக்குத்தான் போதுமென்றால் அது இருபது நாய்களுக்குரிய நிலையமே.

நாய் தான் படுக்கும் இடத்தில் மலசலம் கழிக்க விரும்பாத பிராணி. நமது வீட்டு முற்றத்து நாயைப் பாருங்கள். வேலியோரம் போய்த்தான் வரும். ஒரே அறையான கூட்டில் நாள் முழுதும் அடைபட்டால் அந்தக் கூச்சத்தையும் அது இழந்துவிடுகிறது. கூட்டை நடுவிலே ஒரு சிறு கதவால் இரண்டாகப் பிரித்தால், நாயை ஒரு பக்கம் விட்டு மறுபக்கத்தைக் கழுவலாம். கழுவுகிறவருக்குக் கடி விழும் பயமில்லை. நாய்க்கும் தண்ணீரில் நனையும் துன்பமில்லை. புதிதாக வரும் நாய்க்கு வந்த உடனேயே தடுப்பூசி போடவேண்டும். வைத்தியர் வரும் வாரத்துக்காக வைத்திருப்பது, மழை பெய்து முடிந்தபின் குடை விரிப்பதற்கு ஒப்பானது. குட்டிகளுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பவும் போடவேண்டும். இவை பெரிய சாஸ்திரங்கள் அல்ல.

மனிதருக்கே வழியில்லாத நாட்டில் நாய்க்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விசர்நோயினால் இலங்கையில் 1973 இல் இறந்தவர்கள் 377 பேர். அண்மைக் காலத்தில் அது ஆண்டுக்கு ஐம்பதுக்கும் குறைந்திருக்கிறது. கடியுண்டவர்களுக்குத் தடுப்பூசி கிடைத்ததோடு, நாய்களுக்கு ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டதும் இதற்குப் பெருங்காரணம். நூற்றுக்கு 70 நாய்களுக்கு ஊசி ஏறினால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஊசி போட்டு, கருத்தடை செய்து, பழைய இடத்திலேயே விடப்பட்ட நாய், ஊசியில்லாத புதுநாய் அந்த வீதிக்கு வராமற் காவல் செய்கிறது. அதனால் ஊரிலுள்ள நாய்களையெல்லாம் அள்ளி அடைப்பதற்கு நிலையம் வேண்டியதில்லை. நோயுற்றதும், அடிபட்டதும், தாயில்லாக் குட்டியும், கடித்ததனாற் கண்காணிக்க வேண்டியதும், சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பதும் சில காலம் தங்குவதற்கே அது வேண்டும். 2025 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் டில்லிப் பகுதி நாய்களையெல்லாம் பிடித்து அடைக்குமாறு முதலிற் கட்டளையிட்டது. பதினொரு நாட்களுக்குள் அதையே திருத்தி, கருத்தடையும் ஊசியும் செய்தபின் விசரும் மூர்க்கமும் உள்ளவை தவிர்ந்தவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அத்தனை நாய்களையும் எங்கே அடைப்பது, யார் பார்ப்பது என்ற கேள்வி அந்நாட்களில் எங்கும் எழுந்தது. செம்பியை ஏற்றும்போது நாங்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

நமது நாட்டில் 2006 முதல் கட்டாக்காலி நாய்களைக் கொல்லாமை அரசின் கொள்கையாக வந்தது. அது மனத்துக்கு நிறைவு தரும் விடயமே. ஆயினும் பெரியோர்கள் முன்னிலையில் ஒன்றைத் துணிந்து சொல்கிறோம். ஊசியால் ஒரு நொடியிற் கொல்லவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டு, நெரிசலிலும் கழிச்சலிலும் பத்து நாட்கள் கிடந்து சாகவிடுவது கொல்லாமை ஆகாது. குணமாக்க முடியாத வேதனையில் கிடக்கும் பிராணிக்கு என்ன செய்வது என்பதை மிருக வைத்தியரே தீர்மானித்து, காரணத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும். இதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். எம்முள்ளேயே இருக்கிறது, சென்ற வாரம் இரவு பதினொரு மணி வரை வாதாடினோம். ஆனால் காரணம் எழுதப்படவேண்டும் என்பதில் ஒருவரும் வேறுபடவில்லை.

இனி மேற்பார்வைக்கு வருவோம். நல்ல மனிதர் ஒருவர் பொறுப்பில் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். நமது தேசத்துப் பழங்கதை ஒன்றை இங்கே நினைவுகூரலாம். அனுராதபுரத்தில் ஆண்ட எல்லாள மன்னன் தன் படுக்கையருகே ஒரு மணியைக் கட்டி, அதன் கயிற்றை நீதி வேண்டுபவர் இழுக்கும்படி தொங்கவிட்டிருந்தான் என்று மகாவம்சமே கூறுகிறது. கன்றை இழந்த பசுவும் அந்தக் கயிற்றை இழுத்தது, குஞ்சை இழந்த பறவையும் வந்து இழுத்தது. மன்னனின் நீதியைத்தான் எல்லோரும் புகழ்வார்கள். நாம் அந்தக் கயிற்றைப் பற்றி யோசிக்கிறோம். பசுவின் வாய்க்கு எட்டும் உயரத்தில் அது தொங்கியிருக்க வேண்டுமல்லவா? மன்னன் நல்லவன் என்பதனால் மாத்திரம் பசுவுக்கு நீதி கிடைத்துவிடவில்லை. அவன் காதுக்கு எட்டும் வழி ஒன்று முன்கூட்டியே செய்யப்பட்டிருந்தது. செம்பிக்கு அத்தகைய கயிறு இருக்கவில்லை.

சட்டம் என்னும் கயிறு நமக்கு உண்டுதான். மிகப் பழையது, மிக உயரத்தில் தொங்குவது. 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் உச்ச தண்டமாக விதித்தது நூறு ரூபா. அக்காலத்தில் அது பெருந்தொகை. நூறாண்டு கடந்தும் அந்த நூறு ரூபா நூறு ரூபாவாகவே இருந்தது! 2006 இல் சட்ட ஆணைக்குழு புதிய விலங்கு நலச் சட்ட வரைவு ஒன்றைத் தயாரித்தது. அதன்பின் அந்த வரைவு மேசை மேசையாகப் பயணம் செய்த கதையை நீங்கள் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள்.

நாய்க்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதன் தீமையையும் சரித்திரம் காட்டியிருக்கிறது. பம்பாயில் 1832 இல் அதிகாரிகள் தெருநாய்களைக் கொல்லத் தலைக்குக் கூலி கொடுத்தார்கள். கூலியாசையில் வீட்டு நாய்களையும் பிடிக்கத் துணிந்தபோது பார்சிகள் கொதித்தெழ, நகரமே கடையடைத்துக் கலகமாயிற்று. அதற்கு இரண்டு ஆண்டின்பின், 1834 இல், ஜம்சேட்ஜி ஜீஜீபாய், மோதிஷா என்னும் வணிகர்கள் முன்னின்று அங்கே பிராணிகளுக்கென பாஞ்சராபோள் நிலையத்தை நிறுவினார்கள். இலண்டனில் மேரி டீல்பி அம்மையார் இழந்துபோன நாய்களுக்கென 1860 இல் ஒரு தொழுவத்தில் தொடங்கியதே இன்று பட்டர்சி என்று உலகம் அறிந்த நிலையம். தொடங்கியபோது பத்திரிகைகள் அவரைக் கேலி செய்தன. பின்வரிசையிற் சிரிப்பவர்களுக்கு இதையும் சொல்லிவைக்கிறோம்.

ஆகவே அந்த உள்ளூராட்சி மன்றத்துக்கு நாங்கள் எழுதிய கடிதத்தில் என்ன கேட்டோம்? பணம் கேட்கவில்லை. முதலில் ஓர் இடாப்பு. வந்த திகதி, பிடித்த இடம், நிறம், அடையாளம், ஊசி போட்ட நாள், வெளியேறிய நாள், எப்படி வெளியேறியது. மாத முடிவில் ஒரு வரிக் கணக்கு: மாதத் தொடக்கத்தில் இருந்தவை, இடையில் வந்தவை, இரண்டையும் கூட்டினால் வெளியேறியவையும் எஞ்சியவையும் சேர்ந்த தொகைக்குச் சமனாகவேண்டும். கடைக்காரர் பெட்டியை எண்ணுவது போலத்தான். சமனாகாவிட்டால் எங்கோ ஓர் உயிர் கணக்கில்லாமற் போயிருக்கிறது. அந்தக் கணக்கை வாசலில் உள்ள பலகையில் ஒட்டவேண்டும். வரியிறுப்பவர் எவரும் வாசிக்கட்டும். இறந்தவற்றை மறைக்காமல் எழுதினால் நிலையத்துக்கு அவமானம் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். எல்லாம் நலம் என்று எழுதும் நிலையத்தைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டும். நோயாளி எவரும் சாகாத ஆஸ்பத்திரி உலகில் உண்டா?

இரண்டாவது, முன்னறிவித்தல் இல்லாமல் வந்து பார்க்கும் உரிமை. அறிவித்து வந்தால் என்ன நடக்கும் என்பதை நாங்களே பார்த்தோம். இரண்டாம் முறை கடிதம் எழுதிவிட்டுப் போனபோது கூடுகள் பளிச்சென்று இருந்தன, பாத்திரங்களில் நீர் நிறைந்திருந்தது, கொல்லைப்புறத்தில் இருபது நாய்கள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. நிலையத்தை நடத்துகிறவர்களும் அதைச் சோதிக்கிறவர்களும் ஒருவராக இருக்கக்கூடாது. மன்றத்தின் ஊழியர் அல்லாத ஒருவர், ஒரு மிருக வைத்தியர், ஊரவர் ஒருவர் என மூவராவது வேண்டும். அவர்கள் எழுதுவதற்கு மன்றம் ஒரு மாதத்துக்குள் மறுமொழி எழுதவேண்டும்.

மூன்றாவது, நிறைந்தால் மறுக்கும் துணிவு. இது மிகக் கடினமானது. நமது சங்கத்தையே அதிகம் சுடுவது. நாங்கள் பதினொரு நாய்களோடு வாசலில் நின்றபோது, "இடமில்லைத் தம்பி, ஒவ்வொன்றாகக் கொண்டு வாருங்கோ" என்று ஒருவர் சொல்லியிருந்தால் நாங்கள் கோபித்திருப்போம், பத்திரிகைக்கும் எழுதியிருப்போம். அந்தக் கோபத்துக்குப் பயந்துதான் அவர்கள் ஏற்றார்கள். இடமில்லாத இடத்தில் ஏற்றது கருணையாகத் தோன்றியது. ஏழு உயிர்கள் அந்தக் கருணையில் மறைந்தன.

கடிதத்துக்கு விடை வர மூன்று மாதம் சென்றது. இடாப்பு தொடங்கியிருக்கிறார்கள்; நாங்களே கோடு கீறிக் கொடுத்த கொப்பி. வைத்தியர் மாதம் இருமுறை வருகிறார். முன்னறிவித்தல் இல்லாத பார்வைக்கு இன்னும் இணங்கவில்லை; அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகச் சொல்கிறார்கள். நெருக்கம் நாற்பத்தொன்றாகக் குறைந்திருக்கிறது. அந்த அண்ணைக்கு உதவியாக இன்னொருவரை நியமித்திருக்கிறார்கள். நோய்க்கூட்டுக்கென்று சிவப்பு வாளி ஒன்று தனியாக நிற்கிறது. எங்களைக் கண்டதும் அவர் முதலில் அந்த வாளியைத்தான் காட்டினார்.

செம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்தச் சிறு பிள்ளை கேட்பதை நிறுத்திவிட்டது.

கதவருகே மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். சனிக்கிழமைகளில் காலை ஆறரை மணிக்கு வாசிகசாலையிலிருந்து இருவர் இருவராகப் புறப்படுவதாக ஏற்பாடு. போகிறவர்கள் மாற்று உடுப்பும் பழைய செருப்பும் கொண்டுவர வேண்டும். நிலையத்துக்குப் போட்ட செருப்போடு வீட்டு நாய்க்குட்டிக்குக் கிட்டப் போகக்கூடாது. விசர்நோய்த் தடுப்பூசி முன்கூட்டிப் போடாதவர்கள் கூட்டுக்குள் இறங்காமல் இடாப்பு எழுதும் வேலையை மட்டும் ஏற்கலாம். பெரியோர்களிடம் நாம் வேண்டுவது பழைய சாக்கு, கிழிந்த வேட்டி, சாரம், அலுமினியப் பாத்திரம். மாசி மாதச் சனிக்கிழமைகள் நான்கில் இரண்டுக்கு ஆட்கள் எழுதிவிட்டார்கள். மற்ற இரண்டும் வெறுமையாக இருக்கின்றன.